மாலை போட்ட டீமும் எங்கள் டீமும்

"டிப்ளமா படிக்க வெச்சது கட்டையத் தூக்கினு வெயில்ல ஓடறதுக்கா பாப்பா?" என்று நைனா கேட்டார். கேட்டுவிட்டு, நான் செல்போனில் காட்டிய பேஸ்பால் ஆட்டத்தை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் ஒருத்தன் பந்தை அடித்ததும் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். நைனா முகம் சுளித்தார்.

"அதுகூட இல்ல போல. கட்டையப் போட்டுட்டு ஓடறான். இன்னா ஆட்டம் இது? இதுக்குச் சம்பளம் வேற தரானா உனுக்கு?"

தந்தார்கள். அதுதான் அவருக்குச் செரிக்கவில்லை. நைனா நகரியில் விசைத்தறி ஓட்டுகிறார். தறி நின்றால் கூலியும் நிற்கும். விளையாடுகிற நேரத்தையும் டியூட்டியில் சேர்க்கிற கம்பெனி ஒன்று இருக்கும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஏறிய முதல் ஆளும் நான். விளையாடிச் சம்பளம் வாங்குகிற முதல் ஆளாகவும் நானே இருந்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

இதெல்லாம் ஆயுத பூஜையில் ஆரம்பித்தது. எங்கள் தொழிற்சாலையில் கார்களுக்கான ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் செய்கிறோம். சரியாக இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. அன்று மெஷின், ஸ்பேனர், கம்ப்யூட்டர், தண்ணீர் கேன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தோம். மேனேஜர் அறையைத் துடைக்க என்னையும், என் பக்கத்து மேஜையில் வேலை செய்யும் பாகாலா ஊர்க்காரப் பெண்ணையும் அனுப்பினார்கள். மேனேஜர் ஜப்பான்காரர். அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் தொங்கியது. அதில் ஒரே மாதிரி கம்பளிச் சட்டை போட்ட ஆண்கள் இரண்டு வரிசையாக நின்றார்கள். ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை.

"அவரு தாத்தாங்க போலக்கிது மே," என்றாள் பாகாலாக்காரி.

"இத்தினி தாத்தாவா?"

"பெரிய குடும்பம்."

கண்ணாடிமேல் ஒவ்வொரு நெற்றிக்கும் குங்குமம் வைத்தோம். சாமந்தி மாலை போட்டோம். கீழே பொரி, வாழைப்பழம் வைத்துக் கற்பூரம் காட்டிக்கொண்டிருந்தபோது மேனேஜர் உள்ளே வந்தார். கற்பூரம் அணையும்வரை மரியாதையாக நின்றார். பிறகு, இவர்கள் யார் என்று தெரியுமா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்க முன்னோர்கள் சார்," என்றேன்.

இல்லையாம். நூறு வருடத்துக்கு முன்னால் அவருடைய ஊரில் சம்பளத்துக்குப் பேஸ்பால் ஆடிய டீமாம். ஒரே ஒரு சீசன் ஆடினார்களாம். எல்லா ஆட்டத்திலும் தோற்றார்களாம். சீசன் முடிந்ததும் டீமைக் கலைத்துவிட்டார்களாம்.

"அப்புறம் எதுக்கு சார் மாட்டி வெச்சிருக்கீங்க?"

அவர் யோசித்தார். "போட்டோ நன்றாக வந்திருக்கிறது," என்றார்.

தோற்றவர்களுக்குக் கற்பூரம் காட்டிவிட்டோமே என்று பாகாலாக்காரிக்கு ஒரு வாரம் கவலை. மேனேஜரோ வேறு மாதிரி நினைத்துவிட்டார். பேஸ்பால்காரர்களுக்கு மாலை போடும் பெண்கள் பேஸ்பால்மேல் உயிரையே வைத்திருப்பார்கள் என்பது அவருடைய முடிவு. தீபாவளி கழிந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். பெண்கள் பேஸ்பால் டீம். பயிற்சி நேரமும் டியூட்டிதான். தொழிற்சாலைக்குப் பின்னால் இருக்கும் காலி இடம் கிரவுண்டு. எங்கள் இருவர் பெயரும் எங்களைக் கேட்காமலே முதலில் இருந்தன.

கோச், திருப்பதியிலிருந்து வரும் எச்.ஆர். மேடம். அவரும் செல்போனில் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். எங்களுக்குக் கிரிக்கெட் தெரியும் என்பதுதான் அவருக்குப் பெரிய தலைவலி. பேஸ்பாலில் மூன்று பேஸையும் சுற்றி, கிளம்பிய ஹோம் பேஸுக்கே வந்தால்தான் ஒரு ரன். பந்து மட்டையில் பட்டதும் மட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். பேஸ் வந்ததும் குனிந்து மட்டையைக் கோட்டில் வைப்போம். சிலர் அங்கிருந்து திரும்பி, இரண்டாவது ரன்னுக்கு, கிளம்பிய இடத்துக்கே ஓடி வருவார்கள்.

"பேட் வதிலெய்யம்மா, வதிலெய்!" என்று மேடம் தெலுங்கில் கத்துவார். விடச் சொல்கிறார் என்று எல்லாருக்கும் புரியும். கைதான் விடாது.

"கீழ போட்டா யாராச்சும் எடுத்துக்கினு பூட்டா?" என்பாள் பாகாலாக்காரி.

பக்கத்துக் கம்பெனிகளோடு ஆட்டங்கள் தொடங்கின. தோற்றோம். சித்தூருக்குப் போய்த் தோற்றோம். எங்கள் கிரவுண்டிலேயே, எங்கள் கேன்டீன் சாம்பார் சாதத்தைத் தின்றுவிட்டு வந்த டீமிடமும் தோற்றோம். மேனேஜர் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் எங்களை இரண்டு வரிசையாக நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார். எங்கள் முகத்திலும் சிரிப்பில்லை. அந்தப் பழைய படத்தில் சாமந்தி காய்ந்து சருகாகியும் அவர் மாலையைக் கழற்றவில்லை.

பிறகு டிரான்ஸ்போர்ட் சார் வந்தார். ஷிப்ட் பஸ்களுக்குப் பொறுப்பு அவர்தான். பஸ் நிறுத்த இடமில்லாமல் தவிக்கிறவர். எங்கள் பயிற்சிக்கு நடுவே டேப்பைப் பிடித்துக் கிரவுண்டை அளந்தார். ஒரு ஆட்டம்கூட ஜெயிக்காமல் சீசன் முடிந்தால் இடம் பார்க்கிங்குக்கு, டீம் கிடையாது என்று மேலிடம் சொல்லிவிட்டதாம்.

"ஒண்ணே ஒண்ணு ஜெயிங்கம்மா, டேப்ப சுருட்டி வெச்சுடறேன்," என்றார். சொல்லிக்கொண்டே, நான் நிற்கும் இடத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டார். "இங்க பின் சக்கரம் வரும்."

என் வாழ்க்கையில் முதல்முறையாக ஓடுவதற்கென்று எனக்கு ஒரு இடம் கிடைத்திருந்தது. அதில் பின் சக்கரம் வருவதை நான் விடுவதாக இல்லை.

மேனேஜர் கொடுத்த ஆங்கில விதிப் புத்தகம் மேடத்தின் அலமாரியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தது. அதை வாங்கித் தினமும் பஸ்ஸில் படித்தேன். புரியாததைத் திரும்பப் படித்தேன். "எக்ஸாமா மே உனுக்கு?" என்று பாகாலாக்காரி கேட்டாள். அவளுக்கு ஒரு விதியைச் சொன்னேன். மூன்றாவது ஸ்டிரைக், அதாவது மூன்றாவது அடியும் தவறினால் ஆட்டக்காரி அவுட். ஆனால் பின்னால் நிற்கும் கேட்சர் அந்தப் பந்தைப் பிடிக்காமல் விட்டுவிட்டால் இன்னும் அவுட் இல்லை. முதல் பேஸ் காலியாக இருந்தால் அங்கே ஓடலாம்.

"அடிக்காதவ எதுக்கு மே ஓடணும்?"

"ரூல் அப்படி."

"நல்ல ரூலு," என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள்.

கடைசி ஆட்டம் திருப்பதியில், ஒரு கல்லூரி மைதானத்தில். நைனா வருவதாகச் சொல்லியிருந்தார். எனக்காக இல்லை, தறி மோட்டார் ரிப்பேர் இல்லாமல் ஓடினால் மொட்டை போடுவதாக வேண்டியிருந்தார், மலைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் எட்டிப் பார்ப்பார். பார்வையாளர் பக்கம் திரும்பினேன். சந்தனம் பூசிய மொட்டைகள் வரிசையாக இருந்தன. எது நைனா என்று தெரியவில்லை.

கடைசி இன்னிங்ஸ். நாங்கள் ஒரு ரன் பின்னால். இரண்டு பேர் அவுட். மூன்றாவது பேஸில் பாகாலாக்காரி நின்றாள். மட்டை என் கையில். முதல் பந்தை விட்டேன், ஸ்டிரைக். இரண்டாவதற்கு மட்டையை வீசினேன், காற்று. மூன்றாவது தரையில் குத்தி வந்தது. அதற்கும் வீசினேன்.

"ஸ்டிரைக் த்ரீ," என்றார் அம்பயராக நின்ற கல்லூரி பி.டி. சார்.

எதிர் டீம் கூச்சல் போட்டுக்கொண்டு நடுவில் ஓடிக் கட்டிப்பிடித்துக்கொண்டது. கேட்சரும் முகக்கவசத்தோடே ஓடினாள். மேடம் பையை எடுத்துத் தோளில் மாட்டினார். நான் திரும்பிப் பார்த்தேன். பந்து கேட்சரின் கையில் இல்லை. பின்னால் வேலியோரம், ஒரு நெருஞ்சிச் செடிக்குப் பக்கத்தில் தனியாகக் கிடந்தது.

ஓடினேன்.

முதல் பேஸைத் தாண்டும்போது எதிர் டீம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. ஒருத்தி நான் குறுக்கே வரக்கூடாது என்று கையால் ஒதுக்கினாள். இரண்டாவது பேஸில் மேடத்தின் குரல் கேட்டது. "ஏம்மா, அழாதே, வா!" மொட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு மொட்டை எழுந்தது.

"அவுட்டு பாப்பா! வந்துடு! பரவால்ல!"

அதுதான் நைனா.

மூன்றாவது பேஸில் பாகாலாக்காரி உட்கார்ந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தாள். முன்னால் இருப்பவளைத் தாண்டி நான் ஓடக்கூடாது, அதுவும் ரூல்.

"ஓடு மே!"

"எங்க? முடிஞ்சுபோச்சே."

"அந்த ரூலு மே!"

அவளுக்கு நினைவு வரும்வரை காத்திருக்க முடியாது. தூக்கி நிறுத்தி, முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டே போனேன். ஒரு காலில் ஷூவோடு அவள் நொண்டி நொண்டி ஹோம் பேஸை மிதித்தாள். அதற்குள் கேட்சருக்குப் புரிந்து, நெருஞ்சிச் செடியிலிருந்து பந்தைப் பொறுக்கிக்கொண்டு பாய்ந்து வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆடிய சடுகுடு அப்போது கைகொடுத்தது. மண்ணில் விழுந்து, விரலை நீட்டி, ஹோம் பேஸைத் தொட்டேன். அவளோடு சேர்த்து இரண்டு ரன். எழுந்தபோதுதான் இன்னொரு கையில் மட்டை இருப்பதைப் பார்த்தேன்.

பெரிய பஞ்சாயத்து நடந்தது. பி.டி. சாருக்கு இப்படி ஒரு விதி இருப்பது தெரியாது. என் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திறந்து, சத்தமாகப் படித்துத் தெலுங்கில் சொன்னேன். அவர் வாங்கித் தானும் படித்தார். மட்டையோடு ஓடினால் அவுட்டா என்று எதிர் டீம் கேட்டது. யாரையும் அது தடுக்காதவரை இல்லை என்பதையும் காட்டினேன். கடைசியில் எங்கள் பக்கம் கையைக் காட்டினார்.

நைனா தலையைத் துண்டால் மூடிக்கொண்டு இறங்கி வந்தார்.

"அடிக்கவே இல்ல. அவுட்டு வேற. கட்டையத் தூக்கினே ஓடனே. இதுக்கு ஜெயிச்சிட்டியா?"

"ரூல் நைனா."

"அந்தப் பொஸ்தகத்தப் படிச்சது நீ ஒருத்திதானா?"

"நான் ஒருத்திதான்."

பக்கத்தில் நின்ற, முன்பின் தெரியாத ஒரு மொட்டைக்காரரிடம் திரும்பினார். "எம் பொண்ணு. டிப்ளமா," என்றார்.

மேனேஜர் எங்களை வரிசையாக நிறுத்திப் போட்டோ எடுத்தார். எல்லாரும் சிரித்துக் கண்ணை மூடியதால் அது நன்றாக வரவில்லை. ஆனாலும் அந்தப் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். டிரான்ஸ்போர்ட் சார் டேப்பைச் சுருட்டிவிட்டார். பஸ்கள் இன்னும் ரோட்டிலேயே நிற்கின்றன.

பி.டி. சார் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது, சித்தூரில் அம்பயர் பயிற்சி நடக்கிறது, நீ போனால் என்னை அம்பயராக நிற்கச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள் என்றார். போன ஞாயிறு முதல் வகுப்புக்குப் போய் வந்தேன். புத்தூரில் தைக்கக் கொடுத்த, அம்பயர் போடும் கறுப்பு பேன்ட்டும் வந்துவிட்டது.

"அப்ப இனிமே ஓட வேணாம். நின்னுக்கினு அவுட்டு சொன்னா போதும்," என்றார் நைனா. கொஞ்சம் யோசித்து, "அதுக்கும் சம்பளம் தரானா?" என்று கேட்டார்.