பட்டிக்கு வந்த கம்பளி

மாலை ஆறு அடித்ததும் நான் நாய்க்குச் சட்டை மாட்ட வேண்டும். சிரிக்காதீர்கள். இந்தத் தேயிலைத் தோட்டத்து பங்களாவில் எனக்கு இருக்கும் வேலைகளில் அதுதான் முக்கியமான வேலை. தடித்த கம்பளித் துணியில் தைத்த சட்டை, வயிற்றுக்கு அடியில் மூன்று பித்தான். முன்னங்கால்களை ஒவ்வொன்றாக நுழைத்துப் பித்தான் போட்டு, எங்கேயாவது ரோமத்தைப் பிடித்து இழுக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு கணப்பில் இரண்டு செங்கல்லைச் சுட வைத்து, சாக்கில் சுற்றி, காய்ந்த புல் அடைத்த மெத்தைக்கு அடியில் தள்ள வேண்டும். மெத்தை நெருப்புக்கு ரொம்பப் பக்கத்திலும் இருக்கக் கூடாது, கதவிடுக்குக் காற்று படும் இடத்திலும் இருக்கக் கூடாது. வெதுவெதுப்பான பாலில் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கீழே நம் கம்பம் பள்ளத்தாக்கில் மார்கழி வந்தால் நாய் தானாகப் போய் அடுப்புச் சாம்பலில் சுருண்டுகொள்ளும். விடிந்ததும் சாம்பல் பூசிக்கொண்டு எழுந்து வந்து, யாரிடமாவது ஓர் உதை வாங்கிக்கொண்டு போகும். அதற்கும் குளிரும் என்று நாம் யாரும் யோசித்ததில்லை.

ஜிம்மி கிழ நாய். துரை கப்பலில் வந்தபோது கூடவே வந்ததாம். குட்டை ரோமம், தொங்கிய காது. உறைபனி விழும் நாட்களில் பின்னங்கால் இரண்டும் மரத்துப்போய், எழுந்திருக்க முடியாமல் என்னைப் பார்த்து முனகும். நான் உள்ளங்கையைக் கணப்பில் காட்டிச் சூடாக்கி அதன் தொடையைத் தேய்த்துவிடுவேன். நாலு தேய்ப்பில் எழுந்து நின்று என் முழங்கையை நக்கும். அதை வெறுக்க எத்தனையோ தடவை முயன்று பார்த்தேன், என்னால் முடியவில்லை. ஏன் வெறுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருஷம் ஆடியில் கிணறு வற்றியது. தேவாரத்துக்குத் தெற்கே எங்கள் ஊரில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. என் அக்கா பேச்சியும், அவள் புருஷனும், கைக்குழந்தையும், நானும், ஆள் சேர்க்கும் கங்காணி பின்னால் மலை மெட்டு ஏறி இந்தத் திருவிதாங்கூர்ச் சீமைக்கு வந்தோம். ஏறியது ஒரு பகல்தான். அதற்குள் பாஷை மாறிவிட்டது, காற்று மாறிவிட்டது, ஆளைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. எட்டாவது வரை படித்திருந்ததால் என்னை பங்களாவில் வைத்துக்கொண்டார்கள். அக்காவும் மாமாவும் கொழுந்து எடுக்கப் போனார்கள். தேவாரம் சந்தையில் மலையாளத்து ஆட்களோடு பழகியவன் நான். வெள்ளம் என்றால் தண்ணீர், தணுப்பு என்றால் குளிர் என்று வழியெல்லாம் மாமாவுக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தேன். இங்கே வந்த பிறகும், புரியாத சொல்லுக்குத் தலையாட்டினேனே தவிர ஒரு நாளும் அர்த்தம் கேட்டதில்லை. அந்தக் கர்வத்துக்கு என்ன கிடைத்தது என்று இனிமேல் பாருங்கள்.

கூலியாட்கள் இருக்கும் வரிசை வீடுகளை இங்கே 'லயம்' என்கிறார்கள். அந்தச் சொல் எங்கள் வாயில் நிற்கவில்லை. நம் பக்கம் நாலு வீடு சேர்ந்தால் அது ஒரு பட்டி. ஆகவே நாங்கள் பத்து வீட்டுக்காரர்களும் எங்கள் வரிசையை 'நம்ம பட்டி' என்றே சொல்லிவந்தோம். மண் தரை, தகரக் கூரை. ராத்திரி உள்ளே கட்டும் ஈரம் விடியற்காலையில் சொட்டுச் சொட்டாக மேலே விழும். வருஷா வருஷம் கார்த்திகைக்குள் கம்பளி கொடுப்பது வழக்கம் என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். போன வருஷம் மார்கழி பிறந்தும் வரவில்லை. அக்கா குழந்தைக்கு எட்டு மாசம், பேர் வீராயி. இருமல் பிடித்து, இருமும்போது முகம் நீலம் பாய ஆரம்பித்திருந்தது. பங்களாவில் வேலை பார்க்கிற தம்பி கேட்டு வாங்கித் தருவான் என்று அக்கா நம்பிக்கொண்டிருந்தாள். நானும் தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டரிடம் இரண்டு தடவை கேட்டேன். ரைட்டர் மலையாளி, எங்களோடு அரைகுறைத் தமிழில் பேசுவார். வரட்டும் பார்க்கலாம் என்றார்.

துரை கிறிஸ்துமஸுக்காகக் கொச்சிக்குப் போயிருந்தார். ஒரு மத்தியானம் ரைட்டர் ஒரு பொட்டலத்தோடு பங்களா வாசலில் வந்து நின்றார். பிரித்தால் உள்ளே ஒரு கம்பளி. செம்மறி நிறம், இரண்டு விரல் தடிமன். அவசரத்தில் அவருக்குத் தமிழ் வரவில்லை.

"ஈ கம்பிளி பட்டிக்கா. இன்னு தன்னே கொடுக்கணம். நல்ல தணுப்பல்லே" என்றார்.

தணுப்பு எனக்குத் தெரிந்த சொல். பட்டி தெரியாதா என்ன? கம்பளி பட்டிக்கு, இன்றைக்கே கொடுக்க வேண்டும் என்கிறார். சரி ஐயா என்றேன். பத்து வீட்டுக்கு ஒரே கம்பளிதானா என்று ஒரு கணம் தோன்றியது. முதலில் இது, மற்றவை பின்னால் வரும் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். பத்து வீட்டில் யாருக்கு முதலில் என்பதிலும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பட்டியில் மற்றவர்களும் மறுப்புச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அக்கா குழந்தையை அதில் சுற்றினாள். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"ஏலே, நீ பங்களாவுக்குப் போனதுக்கு இன்னைக்குத்தான்டா ஒரு புண்ணியம்" என்றாள்.

நாலு நாள் குழந்தை தூங்கியது. இருமல் இறங்கியது, பால் குடித்தது. வழியில் பார்த்த ரைட்டர், பட்டிக்குக் கொடுத்தாயா என்று கேட்டார். கொடுத்துட்டேன் ஐயா, பட்டியில எல்லாருக்கும் ரெம்பச் சந்தோசம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார். ஜிம்மி அந்த நாலு நாளும் சாக்கு விரித்த மெத்தையில், சட்டையோடு, செங்கல் சூட்டில் நன்றாகவே உறங்கியது. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அதற்கு ஒரு குறையும் இல்லை.

ஐந்தாம் நாள் ரைட்டர் பங்களாவுக்குள் வந்தார். மறுநாள் துரை திரும்புகிறார், எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க வந்தவர் நாயின் படுக்கையருகில் நின்றார்.

"பட்டியுடெ கம்பிளி எவிடே?"

"பட்டியிலதான் ஐயா இருக்கு."

"பட்டி இவிடெ அல்லே கிடக்குந்நது?" என்று ஜிம்மியைக் காட்டினார்.

அவர் விரலையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தேன். பட்டி என்றால் எங்களுக்கு ஊர், அவர்களுக்கு நாய். ரைட்டருக்கும் அப்போதுதான் புரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆண்டிபட்டி என்றால் ஆண்டி வளர்த்த நாயா என்று கேட்டுச் சிரித்தார். கம்பளி இப்போது யார் மேல் இருக்கிறது என்று நான் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"துரை கேட்டா நான் எந்தா சொல்லுக? நீ போயி வாங்கிட்டு வா" என்றார். குரலில் அதிகாரம் இல்லை, பயம்தான் இருந்தது. துரையிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம் ஐயா என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பங்களா வேலை போய்விடும் என்று நினைத்தேன். இதை எந்தப் பூச்சும் பூசாமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதற்கு வேறு காரணம் கிடையாது.

அக்கா கொழுந்துக்கூடையை அப்போதுதான் இறக்கி வைத்திருந்தாள். மாத்திக் குடுத்துட்டாகளாம்க்கா என்றேன்.

"யாருக்கு வந்ததாம்?"

"நாய்க்கு."

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். போட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். தூங்குகிற குழந்தையை மெல்லப் பிரித்தெடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கம்பளியை ஒற்றைக் கையால் நாலாக மடித்தாள்.

"பிள்ளை மூத்திரம் போயிருக்கா. அலசிக் குடுக்கட்டுமாலே? நாய்க்கு வாடை ஆகாதுன்னு சொல்லுவாக."

காய நேரமில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்தேன். கணப்பில் காட்டிச் சூடாக்கி மெத்தையில் விரித்தேன். மறுநாள் துரை வந்து பார்த்து, குட், குட் என்று என் தோளைத் தட்டினார். மூன்றாம் நாள் காலையில் வீராயி செத்துப்போனாள். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸர் நிமோனியா என்றார், கம்பளி இருந்தாலும் போயிருக்கும் என்றும் சொன்னார். அப்படியும் இருக்கலாம். தேயிலை நடாத சரிவில் புதைத்தோம். அக்காவும் மாமாவும் அந்த வாரமே மெட்டு இறங்கிவிட்டார்கள். நான் இறங்கவில்லை.

இந்தக் கார்த்திகையில்தான் லீவு கேட்டுக் கீழே போனேன். தேவாரம் கடைத்தெருவில், என் சட்டையையும் செருப்பையும் பார்த்த ஒரு பெரியவர், தம்பி எந்தப் பட்டி என்று கேட்டார். நம் ஊரில் யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். எனக்கு வாய் திறக்கவில்லை. மலையாளத்து ஆள் போலிருக்கு என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அக்கா வீட்டில் இலை போட்டுச் சோறு வைத்தாள். ஒரு வார்த்தைகூட என்னைத் திட்டவில்லை, அதனால் ஓர் உருண்டைகூட இறங்கவில்லை. கிளம்பும்போது துணி மூட்டை ஒன்றைக் கையில் கொடுத்தாள். பழைய சேலைகளை ஏழெட்டு அடுக்காக வைத்துத் தைத்த சின்ன மெத்தை விரிப்பு, ஒரு முழம் அகலம்.

"அங்கன இப்ப பனி விழுகுமே. அவ மேல போட்ரு" என்றாள்.

அவளுக்குப் புத்தி பிசகவில்லை. மண்ணுக்குக் குளிராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தலையில் வைத்துக்கொண்டு மெட்டு ஏறினேன்.

நேற்று விடிந்ததும் சரிவுக்குப் போய் வீராயி குழிமேல் விரித்தேன். புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாக நின்றது. நாலு பக்கமும் கல் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பங்களாவிலிருந்து என்னைத் தேடிக்கொண்டு ஜிம்மி நொண்டி நொண்டி வந்து சேர்ந்தது. விரிப்பை மோந்து பார்த்தது. மூன்று சுற்றுச் சுற்றி அதன் நடுவில் படுத்துக்கொண்டு, தொடையைத் தேய்த்துவிடச் சொல்லி என்னைப் பார்த்து முனகியது. காலால் எட்டி உதைக்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். கீழே தேவாரம் இருக்கும் திசை முழுக்க மூடுபனி, மேலே பங்களாவில் துரை எழுந்ததற்கான மணி அடித்தது. நான் குனிந்து அதன் கால்களைத் தேய்த்து எழுப்பி நிறுத்தினேன். பிறகு அங்கேயே மண்டியிட்டு, அக்கா தைத்த சேலையில் ஒட்டிக்கொண்ட நாய் ரோமத்தை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தேன். மணி மறுபடியும் அடித்தது, ரோமம் எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.