அழைப்பு நேரத்துச் சுவர்

ஹெட்செட்டைத் தலையில் மாட்டுவதற்கு முன்பே அவள் கிரயான் டப்பாவைத் திறந்து தரையில் வைத்துவிடுவாள். மூடி கழற்றுகிற சத்தம் முதல் அழைப்புக்குள் விழுந்துவிடக் கூடாது. சுண்டு ஒரு நிறத்தைப் பொறுக்கிக்கொண்டு சுவருக்குப் போவான். அவளுடைய ஒரே மகன். இரண்டு வயது முடிந்து நான்கு மாதம் ஆகிறது. சுவரில் கிறுக்கினால் கையை ஒடிப்பேன் என்று மிரட்டும் தாய்மார்களை அவளுக்குத் தெரியும். தானே கிரயானைக் கொடுத்து, போடா ராசா என்று சுவரைக் கண்ணால் காட்டுகிற தாய் உலகத்தில் தான் ஒருத்திதான் என்று அவள் நினைத்துக்கொள்வதுண்டு.

வாஷிங் மெஷின் விற்கும் ஒரு நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்துவரை, வீட்டு மேஜையிலிருந்தே. ஒரு நாளைக்கு எழுபது எண்பது பேர் கூப்பிடுவார்கள். மெஷினில் என்ன கோளாறு என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது, சத்தத்தைத்தான் சொல்வார்கள். "கடகடங்குதும்மா" என்றால் சட்டைப் பையிலிருந்த சில்லறை உள்ளே போயிருக்கிறது. "கீச்சு கீச்சுன்னு கத்துது" என்றால் பெல்ட். "தொம்மு தொம்முன்னு குதிக்குது" என்றால் மெஷின் மேல் தப்பில்லை, தரைதான் கோணல். பெரிய உத்தியோகத்தில் இருப்பவர்கள்கூட வெட்கப்படாமல் வாயாலேயே மெஷின் ஓட்டிக் காட்டுவார்கள். அதைக் கேட்டு அவள் எழுதி அனுப்பும் குறிப்பு பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். பழுது பார்க்கப் போகும் மெக்கானிக்குகள் அவளுக்கு 'மெஷின் அக்கா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை.

கணவன் சரக்குக் கப்பலின் இன்ஜின் அறையில் இருக்கிறான். ஆறு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. சிக்னல் கிடைக்கிற அன்றைக்குக் கூப்பிடுவான். ஒரு முறை, உடம்பைப் பார்த்துக்கொள், சுவர் இருந்தால்தான் சித்திரம் என்றான். "இங்க சித்திரத்துக்குக் குறைச்சல் இல்ல. சுவரைத்தான் தேட வேண்டியிருக்கு" என்றாள் அவள். அவன் சிரிக்க ஆரம்பித்ததும் லைன் போய்விட்டது. சிரித்து முடித்தானா என்று தெரியாமல் அவள் கொஞ்ச நேரம் போனைக் காதிலேயே வைத்திருந்தாள்.

அந்த வீட்டில் எதுவும் சத்தம் போடாது. கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விட்டிருக்கிறாள். அழைப்பு மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டாள். பொம்மைகள் எல்லாம் துணிப் பொம்மைகள். சுண்டு நாள் முழுக்கக் காலுறையோடு நடக்கிறான். சுவருக்குப் பதில் காகிதம் கொடுத்துப் பார்க்காமல் இல்லை. அவன் அதைச் சரசரவென்று கிழித்தான். லைனில் இருந்த பெண்மணி, அங்கே மழையா என்று விசாரித்தாள். சுவர் கிழியாது, சுருளாது, கீழே விழாது. கிரயான் அதன் மேல் ஓடும்போது ஒரு மூச்சுக்கூட கேட்காது.

சத்தத்துக்கு இவ்வளவு பயப்படக் காரணம் இருந்தது. அழைப்புகளை மேற்பார்வையாளர்கள் ஒட்டுக் கேட்பார்கள். மைக்கை அணைத்துவைத்தால் எத்தனை நொடி என்று கணக்கெடுப்பார்கள். பிள்ளைச் சத்தம் கேட்டதாக அவள் மேல் ஏற்கெனவே இரண்டு கண்டனக் குறிப்புகள் விழுந்திருக்கின்றன. மூன்றாவது விழுந்தால் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அனுமதி ரத்து. அலுவலகத்துக்கு வா, இல்லாவிட்டால் விலகிக்கொள். மூன்று வயது ஆகாத பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளும் காப்பகம் சுற்றுவட்டாரத்தில் கிடையாது. பார்த்துக்கொள்ள ஆளும் கிடையாது.

மாலையில் ஈரத் துணியும் சமையல் சோடாவுமாக உட்கார்ந்து ஒரு முழம் சுவரைத் துடைப்பாள். மறுநாள் அவன் இரண்டு முழம் போடுவான். அவன் கை எட்டும் உயரம்வரை நாலு பக்கமும் நிறம் ஏறி நிற்கிறது. வெள்ளம் புகுந்து வடிந்த வீடுபோல.

மாதம் ஒரு முறை கீழ்வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மாள் ஏறி வருவாள். இடுப்பில் கை வைத்துச் சுவரை ஒரு சுற்றுப் பார்ப்பாள். பிள்ளை வளர்க்கிறாயா, பட்டறை நடத்துகிறாயா என்று கேட்பாள். காலி பண்ணும்போது வெள்ளையடித்துத் தருவதாக இவள் சொல்வாள். போன முறை வீட்டுக்காரம்மாள் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"ஆனா ஒண்ணு சொல்லணும்மா. இப்படி ஒரு அடக்கமான பிள்ளைய நான் பாத்ததில்ல. மேல ஒரு குழந்தை இருக்குன்னே தெரியல."

அவள் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். அன்று சுண்டுவுக்கு இரண்டு முத்தம் கூடுதலாகக் கிடைத்தது.

அடுத்த வாரம் தடுப்பூசி போட மருத்துவமனைக்குப் போனாள். நர்ஸ் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, பையன் எத்தனை வார்த்தை பேசுவான் என்று கேட்டாள். அவள் விரல் விட்டு எண்ணினாள். ம்மா. தா. பால். போ. ஐந்தாவது விரல் மடங்காமல் நின்றது. சொன்னதெல்லாம் அவனுக்குப் புரியும் என்றாள்.

"புரியுதான்னு நான் கேக்கலம்மா. பேசுறானான்னுதான் கேட்டேன்."

ஊசி தொடையில் இறங்கியது. சுண்டு வாயைத் திறந்தான். அழுகை தொண்டைவரை வந்து நின்றது. அவன் அம்மாவின் காதைப் பார்த்தான். அங்கே ஹெட்செட் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அழுதான், அதுவும் மெதுவாக. நர்ஸ் பஞ்சை எறியத் திரும்பியிருந்ததால் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். வீட்டில் பேச்சுக் கொடுங்கள், வாய் ஓயாமல் பேசுங்கள் என்று நர்ஸ் சொன்னபோது அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

வாய் ஓயாமல் பேசுவதுதானே அவள் தொழில். அன்று மாலையே தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். இது என்ன நிறம், இது பூனையா, இது யார் என்று தெளிவாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். சுண்டு அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு சிவப்புக் கிரயானை எடுத்துக்கொண்டு, காலுறை வழுக்க, ஓசையில்லாமல் சுவருக்குப் போய்விட்டான். அவள் குரலைக் கூட்டினாள். அவன் இன்னும் குனிந்து வரைந்தான். மூன்று மாலைகள் இப்படியே போனபின்தான் அவளுக்கு உறைத்தது. அம்மா பேசினால் நாம் பேசக் கூடாது. அவன் பிறந்ததிலிருந்து கற்ற ஒரே பாடம் அது. கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

நான்காம் நாள் அவள் பேசவில்லை. அவன் பக்கத்தில் மண்டிபோட்டு, அவன் போட்டிருந்த நீலச் சுருளின் மேல் விரலை வைத்து மெல்லச் சுற்றினாள். ஏன் என்று தெரியாது, வாயிலிருந்து மெஷின் வந்தது. "கொடகொடகொட..." சுண்டு திடுக்கிட்டு அவள் காதைப் பார்த்தான். வெறும் காது. பச்சைக் கோட்டுக்கு விரல் போனது. "கீச்சு..." அவன் உதடு கோணியது. அடுத்த கோட்டின் மேல் அவள் விரலை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவன் பொறுத்துப் பார்த்தான். அவள் ஒன்றும் சொல்வதாக இல்லை.

"டுர்ர்ர்" என்றான் சுண்டு. எச்சில் தெறித்து அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு தினமும் ஐந்து மணிக்கு மேல் அந்த வீட்டில் மெஷின்கள் ஓடின. சத்தங்களுக்கு நடுவே ஒவ்வொன்றாக வார்த்தையும் வந்தது. ரெண்டு. மேல. இன்னும். கீழ்வீட்டிலிருந்து ஒரு நாள் துடைப்பக் கட்டையால் கூரையைத் தட்டும் சத்தம் கேட்டது. திறந்த வாய் ஐந்து மணிவரை காத்திருக்காது, என்றைக்காவது பகலுக்குள் வந்தே தீரும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஒவ்வொரு காலையும் கிரயான் டப்பாவைத் திறந்து வைக்கும்போது, இன்றைக்கு வேண்டாமடா என்று மனசுக்குள் வேண்டிக்கொள்வாள். வாய்விட்டு மட்டும் ஒரு நாளும் சொல்லவில்லை.

போன வியாழக்கிழமை காலை பதினோரு மணி. லைனில் ஒரு பள்ளி ஆசிரியை, மெஷின் வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை என்று கொதித்துக்கொண்டிருந்தார்.

"ம்மா. பாரு."

சுண்டுவின் குரல். அவள் முதுகு நிமிர்ந்தது. திரையின் மூலையில் சின்னச் சிவப்புப் புள்ளி ஒன்று எரியத் தொடங்கியது. மேற்பார்வையாளர் ஒருவர் லைனுக்குள் வந்துவிட்டார் என்று அதற்கு அர்த்தம்.

"ம்மா. இங்க பாரு."

ஆசிரியை பேச்சை நிறுத்திவிட்டு, யாரது என்று கேட்டார்.

"என் பையன், மேடம்" என்றாள் அவள். "ஒரு நிமிஷம் இருங்க. அவன் ஏதோ சொல்றான்."

சுண்டு நாற்காலியின் குறுக்குச் சட்டத்தில் ஏறி நின்றான். கிரயான் அப்பிய இரண்டு கைகளாலும் அவள் தாடையைப் பிடித்து, முகத்தைத் திரையிலிருந்து சுவர்ப் பக்கம் திருப்பினான். கைகளை எடுத்த பிறகும் அவள் முகம் அவன் திருப்பிவிட்ட இடத்திலேயே நின்றது.