ரைட் சொல்வதற்கு முன்

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். இதை நான் சொல்லவே தேவையில்லை. அவரோடு கொஞ்ச நேரம் பேசினால் உங்களுக்கே தெரிந்துவிடும். வீட்டில் நாற்காலி சும்மா கிடந்தாலும் கதவில் சாய்ந்துகொண்டுதான் நிற்பார். குடும்பத்தோடு போட்டோ எடுக்க நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு" என்பார். ஒருநாள் தூக்கத்தில் நான் புரண்டு படுத்தபோது, "எறங்கறவங்களுக்கு வழி விடும்மா" என்று முனகினார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் பஸ்ஸுக்குள்தான் குடித்தனம் நடத்துகிறேன்.

படிப்பு குறைவு, கோபம் குறைவு, குரல் மட்டும் எட்டு ஊருக்குக் கேட்கும். வருஷம் முழுக்க லீவு போடமாட்டார். உடம்பு கொதித்தாலும் ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு டிப்போவுக்குக் கிளம்பிவிடுவார். "ஏங்க, பஸ்ஸு உங்க அப்பன் வீட்டுதா?" என்று கத்துவேன். காதில் போட்டுக்கொள்ளமாட்டார். அத்தனை லீவையும் சேர்த்து வைப்பது கோடைக்காக. பள்ளிக்கூடம் மூடியதும் அவருடைய தம்பி குடும்பமும் தங்கை குடும்பமும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். இரண்டு அறை வீடு. கால் வைக்க இடமிருக்காது. குளியலறை வாசலில் வரிசை நிற்கும். நான் கரித்துக்கொட்டிக்கொண்டே துணி துவைப்பேன். அவரோ தலைகால் புரியாமல் திரிவார்.

பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் பட்டப்பெயர் வைத்தார். கொழுந்தனின் மூத்தவன் எதற்கெடுத்தாலும் தீர்ப்புச் சொல்வான், அவன் ஜட்ஜ். அவன் தங்கை வாயை மூடவே மாட்டாள், அவள் ரேடியோ. எங்கள் ஒரே மகள் வாயைத் திறக்கவே மாட்டாள், அவள் பூட்டு. நாத்தனாருக்கு இரண்டு பேர். ஒரு இடத்தில் நிற்காமல் கட்டிலிலிருந்து பெட்டிக்கும் பெட்டியிலிருந்து ஜன்னலுக்கும் தாவிக்கொண்டே இருந்த பையன் தவளை. எல்லோருக்கும் கடைசி, கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தவள் சில்லறை.

பல வருஷங்களுக்கு முன் ஒரு கோடையில், பூங்காவுக்குப் போன இடத்தில் ரேடியோவை விட்டுவிட்டு வந்துவிட்டோம். பாதி வழியில்தான், "என்ன இவ்வளவு அமைதியா இருக்கு?" என்று யாரோ கேட்டார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால், அவள் ஐஸ்கிரீம்காரரிடம் எங்கள் வீட்டுக் கதையெல்லாம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம். எங்கே கிளம்பினாலும், திரும்பினாலும், வாடகை வேன் படியில் ஒரு காலை வைத்து நின்று வயது வரிசையில் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். எல்லாப் பேருக்கும் பதில் வந்தால்தான், "போலாம் ரைட்!" ஒரு பதில் வராவிட்டாலும் வண்டி நகராது. ஜட்ஜ், "இருக்கேன்" என்று கம்பீரமாகச் சொல்வான். ரேடியோ சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தவேண்டும். பூட்டு வாயைத் திறக்காமல் ஜன்னல் கண்ணாடியை இரண்டு தட்டுத் தட்டுவாள். தவளை மட்டும் பதிலே சொல்லமாட்டான். கடைசி சீட்டுக்கு அடியில் ஒளிந்துகொள்வான். "தவளை! எங்கடா போன?" என்று இவர் இரண்டாவது தடவை கூப்பிட்டு, போய்க் குனிந்து பார்த்தால்தான், "இருக்கேன் மாமா!" என்று மூஞ்சியில் பாய்வான். ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. ஒவ்வொரு தடவையும் இவர் பயந்த மாதிரி நடிப்பார்.

போன மழைக்காலத்தில் தவளை இறந்துவிட்டான்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். அதற்குமேல் அதைச் சொல்ல என்னால் ஆகாது. இவர் ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. அப்புறம் போனார். பஸ்ஸில் குரலே எழும்பவில்லை என்று டிரைவர் என்னிடம் வந்து சொன்னார்.

கோடை வந்தது. நாத்தனார் வருவாளா மாட்டாளா என்று இவர் சாப்பிடாமல் கிடந்தார். "அவ வரலன்னா இனிமே யாரும் வரவேண்டாம். வீட்டப் பூட்டிட்டு நான் டியூட்டிக்கே போறேன்" என்றார். வருகிறேன் என்று அவள் போனில் சொன்னதும், கொழுந்தன் உடனே எல்லோருக்கும் சட்டம் போட்டுவிட்டார். "அண்ணி, அவன் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது. பேரச் சொல்லக் கூடாது. அவ தாங்கமாட்டா. பசங்களுக்கும் சொல்லி வெச்சிடுங்க." எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் பிள்ளைகளுக்குச் சொன்னேன். சுவரில் இருந்த போன கோடை போட்டோவைக் கழற்றி அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன். அவன் மீன் வரைந்து வைத்திருந்த சமையலறைக் கதவை ஈரத் துணியால் துடைத்தேன். மீன் போய்விட்டது. துடைத்த பிறகு கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

நாத்தனார் சில்லறையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து இறங்கினாள். புருஷனுக்கு வேலை இருக்கிறதாம். பாதியாக இளைத்திருந்தாள். உள்ளே வந்ததும் அவள் கண் நேராகச் சுவருக்குப் போனது. ஆணி மட்டும் இருந்தது. கைகால் கழுவப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் நடத்திய நாடகம் இருக்கிறதே, அப்பப்பா! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைத்தான் மூன்று வேளையும் செய்தோம். வெயிலில் பிள்ளைகளை நிற்க வைத்து ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடித்தோம். பழைய பெட்ஷீட்டைக் கட்டிக் கூடாரம் போட்டுக் கொடுத்தோம். சீட்டு விளையாடினோம், கொழுந்தன் வழக்கம்போல் ஏமாற்றினார். எல்லோரும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தோம். ரேடியோ, "போன வருஷம் இதே மாதிரி..." என்று ஆரம்பித்து, என் கண்ணைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொள்வாள். நாத்தனார் எழுந்து உள்ளே போய்விடுவாள். பார்த்தாயா, தாங்க முடியவில்லை என்று நாங்கள் இன்னும் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டோம்.

ஜன்னலுக்கு மேலே சிமெண்ட் பலகையில் ஒரு நீலப் பந்து கிடந்தது. போன கோடையில் தவளை எறிந்து மாட்டிக்கொண்டது. மழையிலும் வெயிலிலும் வெளுத்துப்போயிருந்தது. ஜட்ஜ் கம்பை எடுத்துக்கொண்டு அதைத் தள்ளப் போனான். "டேய்! அதத் தொடாத, வா இந்தப் பக்கம்!" என்று கொழுந்தன் போட்ட சத்தத்தில் பையன் பேயறைந்த மாதிரி நின்றுவிட்டான். துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நாத்தனார் பந்தைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். கையிலிருந்த துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டுப் போனாள்.

அன்று மாலை சமையலறையில் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணி, நாளான்னைக்கு நான் கெளம்பறேன்."

"இப்பதானம்மா வந்த?"

"இங்க இருந்தா மூச்சு முட்டுது அண்ணி. அடுத்த வருஷம் வருவேன்னு தோணல. அண்ணன்கிட்ட நீங்களே சொல்லிடுங்க, எனக்குத் தைரியம் இல்ல."

மற்ற பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு பற்றி எரிகிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். நானும் ஒரு தாய்தானே, எப்படித் தடுப்பது? "நாளைக்கு ஏரிக்குப் போறோம். அதுக்கு மட்டும் வந்துட்டுப் போ. உங்க அண்ணன் வேன் எல்லாம் சொல்லி வெச்சிருக்கார்" என்று கெஞ்சினேன். சரி என்று தலையாட்டினாள். இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டு வந்தார்.

காலையில் கிளம்பும்போது அவரைத் தனியாக இழுத்துச் சொன்னேன். "இன்னிக்கு பேர் எல்லாம் கூப்பிட வேணாம். புரியுதா? பேசாம ஏறி உக்காருங்க."

"எனக்குத் தெரியாதாம்மா? கூப்பிடமாட்டேன்."

தெரிந்துதான் சொன்னார். ஆனால் மனுஷனுக்கு எத்தனை வருஷப் பழக்கம் அது! பாய், தண்ணீர்க் கேன், துண்டுகள், தர்பூசணி எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கொழுந்தன் வண்டியைக் கிளப்பினார். பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தார்கள். இவர் படியில் ஒரு காலை வைத்தார். கால் படியில் பட்டதும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஜட்ஜ்!"

"இருக்கேன்."

"ரேடியோ!"

"இருக்கேன் பெரியப்பா..."

நான் பின்னாலிருந்து, "ஏங்க!" என்றேன். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை.

"தவளை!"

பிள்ளைகள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதாவது இவர் நிறுத்தியிருக்கலாம். ஆனால் முதல் தடவைக்கு அவன் பதில் சொல்லாமலிருப்பதுதானே வழக்கம்? இன்னும் சத்தமாக, "தவளை! எங்கடா போன?" என்று கூப்பிட்டுக்கொண்டே கடைசி சீட்டு வரை போனார். போய்க் குனிந்து சீட்டுக்கு அடியில் பார்த்தார்.

குனிந்தவர் நிமிரவில்லை.

கொழுந்தன் இன்ஜினை அணைத்தார். எல்லாம் கெட்டது என்று நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். நாத்தனார் ஜன்னல் ஓரத்திலிருந்து எழுந்தாள். இறங்கிப் போகப் போகிறாள் என்றுதான் வழிவிட்டேன். அவள் பின்னால் போய், குனிந்திருந்தவர் முதுகில் கைவைத்தாள்.

"அண்ணா, எந்திரி."

"வாய் தவறிடுச்சும்மா... பாவி நான்... கூப்பிடக் கூடாதுன்னுதான்..."

"ஏன் கூப்பிடக் கூடாது?"

அவர் முகத்தைத் தூக்கவில்லை. அவள் குரல் உயர்ந்தது.

"சொல்லுண்ணா, ஏன் கூப்பிடக் கூடாது? ஆஸ்பத்திரில நான் கடைசியா அவனக் கூப்பிட்டேன். அதுக்கப்புறம் யாரும் அவனக் கூப்பிடல. வீட்ல அவர் வாயே தொறக்கறதில்ல. இங்க வந்தா நீயாவது அவன் பேரச் சொல்லுவேன்னு ஆசையா வந்தேன். வந்து பாத்தா போட்டோவ எடுத்துட்டீங்க. மீனத் தொடச்சிட்டீங்க. அவன் பந்தக்கூட யாரும் தொடக் கூடாது. என் புள்ள இந்த வீட்டுக்கு வந்ததே இல்லையா? அவன் பொறக்கவே இல்லையா?"

அந்த ஈரத் துணி இன்னும் என் கையில் இருப்பதுபோல் இருந்தது. எங்கே போய் முட்டிக்கொள்வது? அவளுக்காக என்று நினைத்து அவளிடமிருந்தே அவனைப் பிடுங்கி ஒளித்து வைத்திருந்தோம்.

"மொதல்லேருந்து கூப்பிடுண்ணா" என்றாள். "எப்பவும் கூப்பிடற மாதிரி."

அவர் கைலியில் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டு வந்து மறுபடி படியில் கால்வைத்து நின்றார்.

"ஜட்ஜ்."

ஜட்ஜுக்குத் தீர்ப்பெல்லாம் மறந்துபோயிருந்தது. அழுதுகொண்டே, "இருக்கேன்" என்றான். ரேடியோவும் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டாள்.

"தவளை!"

தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கூப்பிட்டார். பதில் வராமல் அடுத்த பேருக்குப் போகத் தெரியாத மனிதர். கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

சில்லறை அந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தாள். அங்கே பேர் கூப்பிடும்போது ஒரு பிள்ளை இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவர் சொல்லவேண்டும் போலிருக்கிறது. சீட்டிலிருந்து இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அவன் வரல மாமா."

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரிம்மா" என்றார். "பூட்டு." கண்ணாடியில் இரண்டு தட்டு. "சில்லறை." "இருக்கேன் மாமா!" "போலாம்... ரைட்" என்றார். வண்டி கிளம்பியது.

ஏரிக்கரையில் நாத்தனார் பேசினாள், பேசினாள், அப்படிப் பேசினாள். பல் விழுந்தபோது அதைக் காணோம் என்று அவன் வீட்டையே கலைத்துப்போட்டது, அப்பாவின் ஷூவுக்குள் நத்தையை விட்டது. பிள்ளைகள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பூட்டுகூட ஒன்று சொன்னாள். பாதி சிரிப்பு, பாதி அழுகை. தர்பூசணி நறுக்கும்போது நாத்தனார் என்னிடம், "அண்ணி, நாளைக்கு அந்தப் பந்த எறக்கச் சொல்லுங்க. பசங்க வெளையாடட்டும்" என்றாள். "நீ எறக்குறியா, ஜட்ஜ எறக்கச் சொல்லட்டுமா?" என்றேன். "நானே எறக்குறேன்" என்றாள். அவள் பெட்டியைக் கட்டப் போவதில்லை என்று எனக்கு அப்போது தெரிந்தது.

திரும்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. ஈரத் தலையும் மணல் காலுமாகப் பிள்ளைகள் ஏறினார்கள். சில்லறை அம்மாவின் மடியில் விழுந்ததும் தூங்கிவிட்டாள். இவர் படியில் நின்று கூப்பிட்டார். ஜட்ஜ் சொன்னான். ரேடியோ சொன்னாள்.

"தவளை!"

பதில் சொல்கிறவள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவர் காத்திருந்தார். நாத்தனார் மகளின் நெற்றியிலிருந்த ஈர முடியை ஒதுக்கினாள். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து இந்தக் கோடை வரை அவள் ஒருவரிடமும் சொல்லாத வார்த்தை அது.

"வரலண்ணா" என்றாள். "அவன் வரமாட்டான். நீ ரைட் சொல்லு."