பெர்னாண்டோக்களுக்கு நடுவே நண்டு

1. கப்பல் ஏஜென்சி ஒன்றின் மெயில் சர்வரைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன்.
2. முகவரிப் பட்டியலிலும் அதோடு இணைந்த போனிலும் மேலாளர் அண்ணாச்சி போட்டுவைத்திருந்த பட்டப்பெயர்கள் மறைந்து, பதிவுப் பெயர்கள் வந்தன.
3. அதில் பாதிப்பேர் பெர்னாண்டோ.

அண்ணாச்சி உட்காரவே மாட்டார். பேனாவை அமுக்கிக்கொண்டே ஜன்னலுக்கும் என் மேசைக்கும் நடந்தார். துறைமுகத்துக்கு வெளியே நின்ற கப்பலில் குடிதண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது.

"ஏளா, தண்ணிப் படகுக்காரன் நண்டு பேரு எங்க?"

"முழுப்பேர் சொல்லுங்க."

"நண்டுக்கு ஏது முழுப்பேரு?"

"போன் பண்ணுங்களேன்."

"போனுலயும் எல்லாப் பயலுவளும் பெர்னாண்டோ ஆயிட்டானுவளே!"

"பொறுங்க அண்ணாச்சி."

பழைய சர்வரின் நகலிலிருந்து பட்டப்பெயர்களை மீட்டேன். நண்டுக்கு மெயில் போனது. தண்ணீர்ப் படகும் கிளம்பியது.

சரிபார்த்தபோது என் முகவரியும் கண்ணில் பட்டது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'பொறுங்க அண்ணாச்சி'.

இன்றுவரை அதை அவரும் மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை.