தலைத்துணியின் முடிச்சு

2009 ஜூலை 20: 44 சென்ட்
2011 மே 9: 44 சென்ட்
2013 மே 13: 46 சென்ட்
2014 ஏப்ரல் 14: 49 சென்ட்
2016 மே 16: 47 சென்ட்
2017 ஜூன் 12: 49 சென்ட்
2018 நவம்பர் 19: 50 சென்ட்

என் தங்கை ஒலீட்டா ஒரு படக் கம்பெனிக்கு எழுதிய ஏழு கடிதங்களுக்கு நான் ஒட்டிய தபால்தலைகள் இவை. ஏழும் திங்கட்கிழமை. அமெரிக்காவில், எங்கள் மெம்ஃபிஸ் நகரில், பார்லர்களுக்கு அன்றுதான் விடுமுறை. ஒலீட்டா முப்பத்தெட்டு வருடம் எங்கள் தெருப் பெண்களுக்குத் தலை பின்னியவள்.

பறக்கும் சூப்பர்ஹீரோ படங்கள் என்றால் அவளுக்கு உயிர். விளக்கு அணைந்ததும் அரங்கம் இருண்ட ஆறாகிவிடும். அதில் அவள் மிதப்பாள். ஒரு கறுப்புப் பெண் திரையில் வானேறும்போது இவள் கால்களும் தரையை விட்டுச் சற்றே எழும்பும். நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதே நாயகி படுக்கப் போகும் காட்சி வந்தால் கனவு கலைந்துவிடும்.

"தலைக்குத் துணி கட்டாம படுக்கறா பாருங்க!" என்று கத்துவாள்.

"காலைல அந்தத் தலைய யாருடி சிக்கெடுப்பா? உங்கப்பனா?" என்பாள் பின்வரிசையில் ஒருத்தி. அரங்கமே சிரிக்கும்.

எங்கள் கறுப்பினப் பெண்கள் பட்டுத்துணி கட்டாமல் தலையணையில் தலை வைக்க மாட்டார்கள். உறையில் உரசிச் சுருட்டை முடி உலர்ந்து உடைந்துபோகும்.

"அவ பஸ்ஸத் தூக்கட்டும்ண்ணே, நம்பறேன். செத்துப் பொழைக்கட்டும், அதையும் நம்பறேன். துணி கட்டாம தூங்கறத மட்டும் நம்ப முடியல. நம்ம வீட்டுப் பொண்ணுன்னு சொல்லி வேற யாரையோ காட்டறாங்க."

அதைத்தான் எழுதினாள். பதில் இல்லை. அதற்குள் அவளுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்தது. அது மூடுவதற்குள் திரையில் ஒரே ஒருமுறை அந்தத் துணியைப் பார்த்துவிட வேண்டும் என்று ஏங்கினாள். 2018 கோடையில் மூடிவிட்டது. வெளிச்சமும் இருளும் மட்டுமே மிஞ்சின.

நவம்பர் 17, சனி மதியம், அந்தக் கம்பெனியின் புதுப் படத்துக்கு அவளைக் கூட்டிப் போயிருந்தேன். திரையில் நாயகி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊதாப் பட்டுத்துணி ஒன்றை விரித்தாள்.  அரங்கமே எழுந்து நின்று கத்தியது.

ஒலீட்டா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "என்னண்ணே? யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல. கட்டறா."

"முடிச்சு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடி."

"அப்ப வெவரம் தெரிஞ்சவதான். பின்னாடின்னா படுத்தாக் குத்தும். என்ன கலரு?"

"ஊதா."

"ஆமா, தெரியுது" என்றாள்.

டாக்டர் சொன்னபடி நிறம் தெரிய வழியில்லை. ஆனாலும் அவள் அப்படிச் சொன்னாள்; சொன்னபடி எழுதுகிறேன்.

திங்களன்று ஏழாவது கடிதத்தை அவள் சொல்ல நான் எழுதினேன். ஒரே வரி: கட்டிவிட்டது யார்? இந்த முறை உறையின் மேல், 'தலை பின்னியவருக்கு' என்று போடச் சொன்னாள்.

பதிலை நான்தான் வாசித்துக் காட்டினேன். "நான்தாம்மா. பேரு ஜொனெல். ஒன்பது வருஷமா படம் எடுக்கறவங்ககிட்டச் சொல்லிச் சொல்லி வாயே வலிச்சுப் போச்சு. இந்தத் தடவதான் விட்டாங்க."

"அப்ப என் ஆறு கடுதாசியும் அவ கைக்குப் போகலியா?"

"போகல போலிருக்கு."

 ஒலீட்டா மெல்லச் சிரித்தாள். "நான் சொல்லாமயே ஒருத்தி உள்ள உக்காந்து சண்ட போட்டிருக்காண்ணே. இன்னொரு தடவ படி."

அந்தக் கம்பெனியிலிருந்து அவளுக்கு வந்த முதல் கடிதமும் கடைசிக் கடிதமும் அதுதான். வந்த நாள், 2019 ஜனவரி 24, வியாழன்.