கணக்கு டீச்சரும் நாலு வயர்களும்

கணக்கு டீச்சர் ஒரு விசிட்டிங் கார்டைத் தன் காரின் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விட்டு, பாயிண்டுகள் என்கிற இரண்டு உலோக முனைகளுக்கும் நடுவே வைத்து மெல்ல இழுக்கிறார். கார்டு கறுப்புக் கோட்டோடு வெளியே வருகிறது. சுத்தமான மூலையைத் திருப்பி மறுபடி இழுக்கிறார். மூன்றாம் தடவை கோடு விழவில்லை. "இப்ப சரி" என்று என்ஜினிடம் சொல்கிறார். கார்டு எதிர் வீட்டு வக்கீலுடையது. பெட்டி நிறைய அச்சடித்துத் தெரு முழுக்கக் கொடுத்தவர் அவர். அதில் ஒன்றாவது உருப்படியாகப் பயன்படுவது இங்கேதான்.

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால் இந்த வேலைதான். கார் டீச்சரைவிட இரண்டு வயது மூத்தது. அதனால் "அவங்களுக்கு இன்னிக்கு முடியல" என்று மரியாதை கொடுத்தே பேசுவார். காரின் முந்தைய சொந்தக்காரர் இதே வக்கீல்தான். எட்டு வருஷம் வைத்திருந்து, அதில் ஏழு வருஷம் தள்ளியவர். "இது கார் இல்ல டீச்சர், தலைவலி" என்று உண்மையைச் சொல்லியே விற்றார்.

வாங்கிய அன்றே டீச்சர் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பார்த்தார். டிஸ்ட்ரிபியூட்டர் என்பது டம்ளர் அளவு டப்பா. நடுவில் ஒன்று சுற்றிச் சுற்றி, நாலு வயர்கள் வழியே நாலு சிலிண்டர்களுக்கும் முறை வைத்து மின்சாரத்தைப் பங்கு போடும். பங்கில் தகராறு வந்தால் குடும்பம் மட்டுமல்ல, என்ஜினும் நின்றுவிடும். பாயிண்டுகளுக்கு நடுவே அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளிதான் இருக்க வேண்டும். மெக்கானிக்குகள் அதைக் கண்ணால் அளந்திருந்தார்கள். டீச்சர் தகடு வைத்து அளந்தார். கார் அன்றைக்கே ஓடியது. வக்கீல் ஒரு வாரம் ஜன்னலைத் திறக்கவில்லை.

டீச்சரின் கணவர் அச்சகத்தில் பிழை திருத்தி ஓய்வு பெற்றவர். ஞாயிறன்று பின்சீட்டில் உட்கார்ந்து புத்தகம் படிப்பார். இறங்கி ஒரு கை கொடுத்தால் என்ன என்று கேட்டால், வண்டி ஆடாமல் இருப்பதே தன் பாரத்தால்தான் என்பார்.

போன மாதம் அவருக்குக் கண்ணில் ஆபரேஷன். எட்டரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அது இருபது நிமிஷ வேலை, பயப்பட ஒன்றுமில்லை என்று டீச்சர் ஒரு வாரமாக யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். முதல் நாள் இரவெல்லாம் மழை. காலையில் கார் இருமியதே தவிரக் கிளம்பவில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் ஏறியிருந்தது.

டீச்சருக்குத் தெரிந்த நோய்தான். வயர்களைப் பிடுங்கி, மூடியைக் கழற்றித் துடைத்து, ஊதி உலர்த்தி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டினார். சாவியைத் திருப்பியதும் பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. இன்னொரு தடவை திருப்பினார். இன்னொரு வெடி. எதிர் வீட்டுக் கதவு திறந்தது.

வக்கீல் செருப்புகூடப் போடாமல் வந்தார். எட்டு வருஷம் கேட்ட சத்தம் அல்லவா. தன் புதுக் காரை எடுக்கட்டுமா என்று கேட்டார். பின்சீட்டில் இருந்த கணவர் ஒரு காலை வெளியே வைத்தார். டீச்சர் திரும்பிப் பார்த்ததும் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மணி ஏழு ஐம்பது. டீச்சர் மறுபடி மூடியைத் திறந்து இடைவெளியை அளந்தார். சரியாக இருந்தது. நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். மூடியை அழுத்திப் பொருத்தினார். வக்கீலுக்கு அந்தக் காரைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று. மெக்கானிக்குகள் வருஷக்கணக்கில் அவர் காது படக் கத்தியதால் மனப்பாடம் ஆனது. நீதிபதி முன் நிற்பவரைப்போலத் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். வயரு ஒண்ணு, மூணு, நாலு, ரெண்டுன்னுதானே வரணும்?"

டீச்சர் குனிந்து பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசை பிசகாமல் மாட்டியிருந்தது. முப்பத்தொரு வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்த கை, பதற்றத்தில் தன் முதல் பாடத்துக்கே போயிருந்தது.

"பயந்துட்டியா?" என்றார் பின்சீட்டிலிருந்து கணவர்.

"நான் எதுக்குப் பயப்படணும்? கண்ணு உங்களுது."

மூன்று வயர்கள் இடம் மாறின. கார் முதல் திருப்பிலேயே கிளம்பியது. வழியில் மறுபடி நின்றால் தள்ள ஆள் வேண்டும் என்று சொல்லி டீச்சர் வக்கீலை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். வெறுங்காலோடு போனவரைத்தான் ஆஸ்பத்திரிக் காவலாளி நோயாளி என்று நினைத்தார்.

இருபது நிமிஷம் என்றது ஐம்பது நிமிஷமானது. கண் நன்றாக இருக்கிறது, மாலையில் கூட்டிப் போகலாம் என்று நர்ஸ் வந்து சொன்னார். சரியான விடை சொன்ன மாணவியிடம் தலையாட்டுவதுபோலத் தலையாட்டிவிட்டு டீச்சர் வெளியே வந்தார். காருக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் முன்மூடியைத் தூக்கி, தலையை உள்ளே விட்டுக்கொண்டு, கையில் துணியோ தகடோ இல்லாமல், வெகுநேரம் நிமிராமலே நின்றார்.