கடலடித் தரையும் தோல் பட்டைகளும்

தொண்ணூறுகளின் கடைசியில் ஆம்பூரில் பத்தாம் வகுப்பு படித்தேன். அறிவியல் கண்காட்சிக்காக, கடலுக்கடியில் புதுத் தரை உருவாவதை நானும் தோழி ஷபானாவும் மாதிரியாகச் செய்தோம். இரண்டு மேசைகளின் இடுக்கிலிருந்து இரண்டு கறுப்புத் தோல் பட்டைகள் மேலே வந்து எதிரெதிர்ப் பக்கம் விலகும். இரண்டிலும் ஒரே இடைவெளியில் வெள்ளைக் கோடுகள் போட்டிருந்தோம்.

நடுவர் நின்றுகூடப் பார்க்கவில்லை. “இன்னாம்மா, பெல்ட் கடையா?” என்று சிரித்தபடி, புகை கக்கும் எரிமலை மாதிரிக்குப் போய்விட்டார். பரிசும் அதற்கே. எரிச்சலில் பட்டைகளைச் சுருட்ட ஆரம்பித்தேன்.

எரிமலை செய்த மேல்விஷாரம் பள்ளிப் பெண் எங்களிடம் வந்தாள். “ரெண்டு பக்கமும் எதுக்கு ஒரே மாதிரி கோடு?”

“நடுவுல வர்ற பாறைக் குழம்பு ஆறுறப்போ, அப்பப்போ தலைகீழா மாறுற பூமியோட காந்தம் அந்த நேரத்துல எந்தப் பக்கம் இருக்குதோ அது பாறையில பதிஞ்சிடும், அதான் கோடு. அப்புறம் ரெண்டா பிரிஞ்சு நகரும்,” என்றேன் வெடுக்கென்று.

அவள் பரிசுக் கோப்பையைத் தரையில் வைத்தாள். “இன்னொரு வாட்டி இழுத்துக் காட்டேன்.”

பட்டைகளைப் பிரித்து மெதுவாக இழுத்தோம். கோடுகள் ஜோடி ஜோடியாக வெளியே வந்தன.

“அப்ப இந்தக் கோட்டப் பாத்தே தரை நகர்றது தெரிஞ்சிடுமா?”

அதைத்தான் நடுவரிடம் சொல்லக் காத்திருந்தோம்.

அவர் மீதான கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. ஆனால் அன்று நாங்கள் சொல்ல வந்ததை முழுதாகக் கேட்டவள், எங்களை ஜெயித்தவள்தான்.